பனிக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாள் முதல் அவன் எந்தக் கதவையும் உடனே சாத்துவதில்லை. உள்ளே வந்ததும் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்தபடி நிற்பான், பின்னால் இன்னொரு ஆள் நுழைய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அப்புறம்தான் சாத்துவான். இரண்டு கையிலும் கட்டு, தாழ்ப்பாள் பிடிபடவில்லை போலும் என்று அவன் மனைவி நினைத்துக்கொண்டாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள் அவள். உடம்பு நொந்து எழுந்தவர்களிடம் விநோதமான பழக்கங்கள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள்.

சிகரத்துக்கு நாலு பேராகப் போனவர்களில் இறங்கி வந்தது அவன் மட்டும்தான். உயிரோடு வந்தானே, அது போதும், மற்றதெல்லாம் மெல்லச் சரியாகிவிடும் என்றிருந்தாள்.

சரியாகவில்லை. ரொட்டியைக் கொடுத்தால் பாதியைப் பிய்த்துத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தான். சோபாவின் ஒரு முனையில் ஒடுங்கி உட்கார்ந்தான். மறு முனையில் துணி ஈரமாகவே கிடந்தது. துவாலையால் எத்தனை முறை ஒற்றி எடுத்தாலும் மறுபடி ஊறியது. ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருக்க, ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கமாகப் பனி பூத்தது. சமையல் வாசனைக்கும் சோப்பு வாசனைக்கும் அடியில், நனைந்த பாறையும் மண்ணெண்ணெயும் மட்கிய கம்பளியும் கலந்தாற்போல் ஒரு வாடை, அறைக்கு அறை அவன் பின்னாலேயே போய் வந்தது. மாடிப்படியில் அவன் ஏறி முடித்து நின்ற பிறகும் ஒரு காலடிச் சத்தம் மிச்சமிருந்தது.

மரப்படி, குளிருக்குச் சுருங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 'கயிறு' வந்தான். மலை மீட்புக் குழுவில் கணவனோடு வேலை செய்கிறவன்; ஆள் ஒல்லியாக நீண்டு கிடப்பதால் அந்தப் பெயர். வந்த வேகத்தில் சோபாவின் காலி முனையில் உட்கார்ந்தவன், சூடுபட்டவன் போல எழுந்துகொண்டான். நேரே சமையலறைக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

“அண்ணி, இவன் தனியா வரலையா?”

“என்ன பேசுறீங்க? கூடப் போனவங்க மூணு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு.”

“அவங்களச் சொல்லல.” குரலைத் தாழ்த்தினான். “அந்த மலையில முதல் முதலா ஏறப் போனவங்க அஞ்சு பேரு. கூடாரத்துல ஆறு கப்புல டீ ஊத்தினாங்களாம். ஒருத்தருக்கும் அது தப்பாத் தோணல. அதுக்கப்புறம் எத்தனையோ குழு போயாச்சு. உச்சியத் தொட்டவங்க கொஞ்சம், அங்கயே கிடக்குறவங்கதான் அதிகம். பிழைச்சு வந்தவங்க எல்லாரும் ஒண்ணேதான் சொல்லுவாங்க. கயித்துல இன்னொரு ஆளு இருந்தான், அவன்தான் இறக்கி விட்டான்னு.”

“நீங்க பார்த்திருக்கீங்களா?”

“பார்க்க முடியாது. பின்னாடியே வருவான். பனி முடியுற இடத்துல நின்னுடுவான். நாங்க யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். தேங்க்ஸ்கூடச் சொல்லாம வந்துடுவோம்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் மகள் வந்து பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, கை எரியுது.”

நாலு வயதுப் பிஞ்சு விரல்கள். நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்து விறைத்திருந்தன. அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனிக்கடி. கணவனின் விரல்களை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தது அதற்காகத்தான்.

“எதத் தொட்டே கண்ணு?”

“அப்பா பக்கத்துல இருக்கிற மாமாவோட கைய. அவருக்கு ரொம்பக் குளிருதும்மா.”

வெதுவெதுப்பான தண்ணீரில் பிஞ்சுக் கையை முக்கிப் பிடித்துக்கொண்டே அவள் கணவனைக் கூப்பிட்டாள். அவன் வாசற்படியிலேயே நின்று பார்த்தான்.

“என்னைத் தூக்கிட்டு வந்தான்” என்றான், கேட்காமலே. “புயல்ல கண்ணு தெரியல. விழுந்தா எழுப்பினான். பனி முடிஞ்ச இடத்துல அவனை அப்படியே விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. வீட்டுக்கு வாடான்னேன்.”

“நன்றியெல்லாம் இருக்கட்டும். உங்க பொண்ணு கையப் பாருங்க.”

அவன் பார்த்தான். அப்புறம், “அவனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுடலாம்” என்று தன் குளிர்க்கோட்டைத் தேடினான்.

குழந்தையைக் கயிறு பார்த்துக்கொண்டான். அவள் காரை ஓட்டினாள். கணவன் முன்சீட்டில். பின்சீட்டின் கண்ணாடியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மூச்சு படிந்து படிந்து கலைந்தது. அவள் சாலையைப் பார்த்தாள். வளைவு. இன்னொரு வளைவு. கழுத்தின் பின்புறம் மரத்துப்போனது. அவள் ரேடியோவைப் போடவில்லை.

சாலை முடிந்த இடத்தில் பனி தொடங்கியது. மேலே சிகரம், மாலை வெயிலில், ஒன்றும் அறியாததைப் போல.

கணவன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். கார் லேசாக எழும்பியது, பாரம் இறங்கினாற்போல. வாடை அவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. பனியில் தடம் எதுவும் விழவில்லை. கணவன் கட்டுப்போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் இவனை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவர். வாசல் தாண்டிப் போகும் எவருக்கும் சொல்லிப் பழகிய நாக்கு, அவளைக் கேட்காமலே சொன்னது:

“போயிட்டு வாங்க.”

கணவன் சட்டென்று திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன சொன்னே?”

“ஒண்ணுமில்ல. ஏறுங்க.”

திரும்பும் வழியெல்லாம் கார் கதகதப்பாக இருந்தது. வாடை இல்லை. கண்ணாடிகள் தெளிவாக இருந்தன. முதல் வளைவிலேயே அவன் தூங்கிப்போனான், பல நாள் தூக்கம். வெறும் வார்த்தைதானே, எல்லோரும் சொல்வதுதானே என்று அவள் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். ஊருக்குள் நுழைந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

கணவனைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கயிறு கூடத்தில் நின்றிருந்தான். “கை சரியாயிடுச்சு அண்ணி” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவளைத் தாண்டி வெளியே பார்த்தான். குழந்தையின் முகத்தை மெல்லத் தன் கழுத்துப் பக்கமாகத் திருப்பி அழுத்திக்கொண்டான்.

அவள் திரும்பினாள்.

தெருமுனை வரை. அதற்கும் அப்பால், மலைச்சாலை தொடங்கும் இடம் வரை. ஒருவர் பின் ஒருவராக. ஒரே இடைவெளி விட்டு, ஒரே கயிற்றில். பூச்சி அரித்த கம்பளிக் கோட்டுகள், தோல் பூட்ஸுகள். பின்னால் போகப்போக சிவப்பும் மஞ்சளுமாகப் புதிய ஜாக்கெட்டுகள். இமையெல்லாம் பனிக்கட்டி. யாருக்கும் அவசரமில்லை. வரிசையின் கடைசியில், தன்னோடு ஏறிய மூவரின் ஜாக்கெட்டுகளை அடையாளம் கண்டதும் கணவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முன்னால் நின்றவர், அழைத்த வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல, வாசல் மிதியடியில் நிதானமாகப் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.