பிரேக்கில் வைத்த கால்

காலை ஒன்பதரைக்கு அவள் குளிரறைக்குள் நுழைந்தபோது வண்டி மைனஸ் பத்தில் உறைந்து நின்றது. அன்றைய வேலை எளிது. பிரேக்கை மிதித்து நிறுத்தினால் இன்ஜின் தானாக அணையும். காலை எடுத்தால், பெல்ட்டால் இணைத்த சிறிய மின்மோட்டார் அதை எழுப்பும். அதிராமல் எழுகிறதா என்று நூறு முறை பார்த்துப் பதிய வேண்டும். புது மாதிரி வண்டிகள் விற்பனைக்குப் போகும் முன் இப்படிச் சோதித்துக் கையெழுத்திடுவதுதான் அவள் பிழைப்பு.

தடித்த கண்ணாடிக்கு அப்பால், வெதுவெதுப்பான அறையில் ஆபரேட்டர் மைக்கைத் தட்டினார்.

“மேடம், டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருவோம்.”

“இங்க கொண்டுவந்தா டீயைக் கடிச்சுத்தான் சாப்பிடணும்,” என்றாள்.

நான்கு மாதங்களுக்கு முன் இதே வண்டியில்தான் அது நடந்தது. எல்லோரும் மீசை அண்ணன் என்று கூப்பிட்ட மெக்கானிக், பெல்ட்டைத் தொடும் முன் வண்டியை இரண்டு தட்டுத் தட்டிக் கேட்டார்: “ஆஃப்ல இருக்காம்மா?”

ஓட்டுநர் இருக்கையில் லேப்டாப்பில் மூழ்கியிருந்தவள் நிமிரவே இல்லை. “ஆஃப்தாண்ணே,” என்றாள்.

அவள் கால் பிரேக்கில் இருந்ததால் இன்ஜின் சத்தமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். சாவி ஆனில் இருந்தது. இன்ஜின் மேலுள்ள முன்மூடி திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சை, சோதனைக்காக அவளே கழற்றிவைத்திருந்தாள். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தாள். பிரேக்கிலிருந்து கால் நழுவியது.

பெல்ட் சட்டைக் கையோடு அவரை இழுத்தது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தார்.

‘கேட்காமலே கையை உள்ளே விட்டுவிட்டார்’ என்று அவள் அறிக்கை எழுதினாள். அவர் மனைவிக்கும் அதையே சொன்னார்கள்.

இன்று பதினொரு முறை இன்ஜின் ஒழுங்காக எழுந்தது. பன்னிரண்டாவது முறை பிரேக்கை மிதித்தாள். அணைந்தது. குளிரூட்டும் விசிறியின் இரைச்சல் மட்டும் மிச்சம்.

அந்தக் குளிரில் எதற்கும் வாசனை இருக்காது. ஆனால் சூடான கிரீஸ் வாசனை வந்தது.

டக். டக்.

முன்மூடியில்.

“காலை எடுங்க மேடம்,” என்றார் ஆபரேட்டர்.

“உள்ள யாராவது வந்தாங்களா?”

“கதவு சாத்தியிருக்கு. நீங்க மட்டும்தான்.”

“ஆஃப்ல இருக்காம்மா?”

அவசரமே இல்லாத குரல். மூடிக்கு அடியிலிருந்து.

பிரேக்கை இரண்டு கால்களாலும் அழுத்திக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள்.

திரும்பவில்லை.

“மேடம், என்னாச்சு? காலை எடுங்க.”

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் மூச்சு பட்டு வெண்மையாகப் படர்ந்தது.

“ஆஃப்ல இருக்காம்மா?”

இப்போது காதருகே.

“இல்லண்ணே.” “ஆன்ல இருக்கு. அன்னிக்கும் ஆன்லதான் இருந்துச்சு. நான் பாக்காம சொல்லிட்டேன். கையை எடுத்துருங்கண்ணே.”

விசிறி இரைந்தது. கண்ணாடியில் படர்ந்த வெண்மை மெல்லச் சுருங்கி மறைந்தது.

சாவி இப்போது இலகுவாகத் திரும்பியது.

வெளியே வந்தவளை ஆபரேட்டர் ஒரு மாதிரி பார்த்தார். “யார்கிட்ட மேடம் பேசுனீங்க?”

அவள் நிற்கவில்லை. நேராக மேசைக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதி, தன் பெயரைப் போட்டு மேலாளருக்கு அனுப்பினாள். வேலை போகும், வழக்கும் வரலாம் என்று தெரியும். மதியத்துக்குள் தைரியத்தைத் திரட்டி மீசை அண்ணனின் மனைவிக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, அன்னிக்கு அவரு மேல தப்பே இல்ல. கேட்டுட்டுத்தான் கையை வச்சாரு. நான்தான்...”



“தெரியும்மா,” என்றாள் அவர் மனைவி. அழுத குரலாக இல்லை. “இப்பதான் சொன்னாரு.”

“யாரு அண்ணி?”

“கை கழுவிட்டிருக்காரு. லைன்லயே இரு, உங்கிட்ட பேசணுமாம்.”

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

நின்றது.

போன் கைமாறியது.