கழுத்துப் பட்டன்

அன்று காலை பட்டன் போட்டுவிட மகள் வரவில்லை.

அம்மா கண்ணாடிக்கு முன்னால் காத்து நின்றாள். கழுத்து வரை ஏறி மூடுகிற சட்டை. திறப்பு முதுகுப் பக்கம். கீழே இருக்கும் பட்டன்களைக் கையை வளைத்து எப்படியோ போட்டுக்கொள்வாள். மேலே இருக்கும் இரண்டு மட்டும் எட்டாது. சிறுவயதில் வெந்நீர் கொட்டி வெந்த தோல் இடது தோளைச் சுருக்கி இழுத்து வைத்திருந்தது. நாற்காலி போட்டு ஏறி நின்ற வயதிலிருந்து அந்த இரண்டு பட்டன்களும் மகளின் வேலை. போடுவதற்கு முன் தழும்பின் மேல் விரலை ஓட்டுவாள். தோளில் தொடங்கி, ஒருமுறை வளைந்து, நடுமுதுகு வரை இறங்கும் அதற்கு 'ஆறு' என்று பெயர் வைத்திருந்தாள். "ஆத்த மூடிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். வளர்ந்து, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போன பிறகும் அதே வார்த்தைதான்.

பக்கத்து அறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

திறந்த முதுகின் மேல் கைக்குக் கிடைத்த சால்வையைப் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நேற்று மாலை மகள் மேல் போர்த்திய அதே சாம்பல் நிறச் சால்வை.

சாப்பாட்டு மேசையில் நாத்தனார் ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். வாய் ரொட்டிக்கும் பேச்சுக்கும் மாறி மாறித் திறந்தது.

"பொண்ண வளர்த்த லட்சணம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. என் தம்பி தனி ஆளா நின்னு சம்பாதிச்ச பேரு. ஒரு முதுகக் காட்டி ஒரே நாள்ல கவுத்துட்டா."

"அண்ணி, டீ ஆறுது. குடிங்க."

"எனக்கு டீ ஆறுறது இருக்கட்டும். அவன் மனசு ஆறணுமே."

கணவன் ஜன்னலோரம் நின்று சட்டைக் கையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். கிளப் மேனேஜர். தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மேனேஜர்தான். கிளப்பின் வாசல் பலகையில் இருக்கும் உடை விதிகள் அவன் எழுதியவை. தோள் மூடியிருக்க வேண்டும், முதுகு மூடியிருக்க வேண்டும், முழங்கால் மூடியிருக்க வேண்டும். விதிகள் எல்லாம் பெண்களுக்கு. கிளப்பின் நீச்சல் குளத்திலிருந்து இடுப்பில் ஒரு துண்டோடு ஏறி வந்து சாப்பாட்டுக் கூடத்தைக் கடந்து போகும் ஆண்களைப் பற்றி அந்தப் பலகையில் ஒன்றும் இல்லை.

நேற்று மாலை கிளப்பின் ஆண்டு விருந்து. மகள் தன் சம்பளத்தில் வாங்கிய பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதுகு கொஞ்சம் இறக்கமாக இருந்தது. வாசலில் பூக்கொத்து கொடுக்க நிறுத்தியிருந்த இரண்டு பெண்களுக்கு இடுப்பு வரை திறந்த முதுகு. அவர்களுக்கு நடுவில் வைத்துத்தான் கிளப் செயலாளர் மகளைத் தடுத்தார். "மேனேஜர், உங்க சட்டம் உங்க வீட்டுக்குக் கிடையாதா?" என்று எல்லோரும் கேட்கும்படி சிரித்தார். அவன் முகம் வெளுத்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எதைக் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். வாசலோர அலமாரியில் வைத்திருந்த தன் சால்வையை எடுத்து வந்து மகளின் தோளில் போர்த்தினாள்.

மகள் சால்வையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "நீயுமாம்மா?" என்றாள். பிறகு சால்வையை மடித்து, அம்மாவின் கையிலேயே வைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

இப்போது பெட்டியோடு கூடத்தில் வந்து நின்றாள்.

"மத்தியானம் கமிட்டி கூடுது" என்றான் அவன், ஜன்னலைப் பார்த்தபடியே. "வந்து ஒரு வார்த்தை, தப்பாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போ. அதுக்கப்புறம் எங்க வேணாலும் போ."

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"அத நான் வாயால வேற சொல்லணுமா?"

"சொல்லுங்கப்பா. கிளப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்குறப்ப இதே முதுகுதான். அப்ப செயலாளர் பேரன என் தோள்லதான் ஏத்தி விடுறாரு. நேத்து வாசல்ல நின்ன பொண்ணுங்களுக்கும் முதுகு தெரிஞ்சுது. அந்தத் துணியத் தைக்கக் குடுத்ததே நீங்கதான். என் முதுகு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அவங்க வேலைக்கு வந்தவங்க." அவன் குரல் உயரவில்லை. "நீ குடும்பத்துப் பொண்ணு. ரெண்டும் ஒண்ணா?"

டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாத்தனார் அடுத்த ரொட்டியை எடுத்தாள். மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டல்ல? உனக்கு உடம்புன்னாலே வெக்கம். வெயில் கொளுத்துறப்ப கூட கழுத்து வரைக்கும் மூடிட்டு நிப்ப. உன் முதுகுல ஒரு நாளாவது காத்து பட்டிருக்குமாம்மா? அந்த வெக்கத்தத்தான நேத்து எல்லார் முன்னாடியும் எம்மேல போத்தின..."

அவன் காலணியை மாட்டிக்கொண்டு வெளியேறினான். கதவு மூடிய பிறகும் அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மௌனம் அந்த வீட்டுக்குப் பழகிப்போன ஒரு மேசை நாற்காலி மாதிரி. இடித்துக்கொண்டால் மட்டும்தான் அது இருப்பது தெரியும்.

"பாப்பா" என்றாள் கடைசியில். "போறதுன்னா போ. நான் தடுக்கல. ஒரே ஒரு இடத்துக்கு எங்கூட வந்துட்டுப் போ."

"எங்க? மன்னிப்பு கேக்கவா?"

"இல்ல."

"அந்தச் சால்வையோடயா வரப்போற?"

"பட்டன் போடல. அதான்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பகல் வெளிச்சத்தில் கிளப் வேறு மாதிரி இருந்தது. நாற்காலிகள் மேசைகள் மேல் கவிழ்ந்து கிடந்தன. நேற்றைய பூக்கள் ஒரு வாளியில் வாடிக்கொண்டிருந்தன. மாடிப்படியின் அடியில் காவல்காரர் எழுந்து நின்றார்.

"மேனேஜர் அம்மா, மேல சீட்டாடுற ரூம். பொம்பளைங்க போகக் கூடாதும்மா."

"பெருக்குற பொண்ணு இப்பத்தான போனா?"

"அவ வேலைக்குப் போறாம்மா."

"நானும் வேலையாத்தான் போறேன்" என்றாள் அவள். காவல்காரர் வழிவிட்டார்.

அறையில் பழைய புகையிலை வாடை. வட்ட மேசைகள், பச்சைத் துணி, மூலையில் யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டை. எதிர்ச்சுவரின் நடுவில், தங்க நிற விளிம்புக்குள், ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். கிளப் திறந்த நாள். வாசல், விளக்குகள், உள்ளே நுழையும் கோட்டுக்காரர்கள். அவர்களை வரவேற்று ஒரு பெண் நிற்கிறாள். முகம் தெரியவில்லை. முதுகு மட்டும்தான். இடுப்பு வரை திறந்த முதுகு. பவுடர் பூசியிருக்கிறார்கள், ஆனாலும் மேலிருந்து விழுந்த விளக்கு வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுத்திருந்தது. இடது தோளில் தொடங்கி, ஒருமுறை வளைந்து, நடுமுதுகு வரை இறங்குகிற ஒரு கோடு.

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

படத்தின் அருகில் போனாள். பிறகு கை தானாக நீண்டு, கண்ணாடியின் மேல் அந்தக் கோட்டைத் தொட்டு, மேலிருந்து கீழே இறங்கியது. விரலுக்கு அந்த வளைவு தெரிந்திருந்தது.

"அம்மா... இது ஆறு."

"ம்."

"இது நீ."

"கல்யாணமான புதுசு. உங்கப்பா இங்க எடுபிடி வேலை பாத்தாரு. முதலாளி ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாராம். உன் பொண்டாட்டி வாசல்ல நின்னா, உனக்கு ஆபீஸ்ல நாற்காலின்னு. உங்கப்பா வீட்டுக்கு வந்து எங்கால்கிட்ட உக்காந்து அழுதாரு. நான் நின்னேன். நீ வயித்துல வர்ற வரைக்கும் நின்னேன்."

"அப்புறம்?"

"நாற்காலி கெடைச்சுது. அப்ப இங்க இருந்தவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. அப்புறம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு. உங்க அத்தைக்குக் கூட. கழுத்து மூடுற மாதிரி சட்டை அவரேதான் வாங்கியாந்தாரு. எனக்கு உடம்புன்னா வெக்கம் இல்ல பாப்பா. அது அவரு தச்சுக் குடுத்த வெக்கம்."

மகள் படத்திலிருந்து அம்மாவிடம் திரும்பினாள்.

"இந்தப் படம் இங்க இருக்குறது உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா மூலையில் கிடந்த சட்டையை எடுத்து, பழக்கத்தில் மடித்து, ஒரு நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"ஒரு தடவ உங்கப்பாவுக்குச் சாப்பாடு கொண்டாந்தேன். கீழ காவல்காரரக் காணோம், மேலயே வந்துட்டேன். கதவு திறந்திருந்துச்சு, சுவத்துல இந்தப் படம். உள்ள ஒருத்தன் சொல்றான், இந்த முதுகுக்கு மூஞ்சி எப்படி இருக்கும்னு. இன்னொருத்தன் வேற என்னமோ சொல்றான். எல்லாரும் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புல ஒரு சிரிப்பு எனக்குத் தெரிஞ்ச சிரிப்பு. சாப்பாட்ட காவல்காரர்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

மகள் அம்மாவை இழுத்து அணைத்துக்கொண்டாள். நெற்றியை அம்மாவின் தோளில் முட்டி அழுதாள். "நீயுமான்னு கேட்டேனே... உன்னப் போய் கேட்டேனே..."

"கேட்டது சரிதான்" என்றாள் அவள். "நேத்து நான் போத்துனது தப்பு."

படியில் காலடிச் சத்தம். முதலில் அவன், பின்னால் செயலாளர். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மனைவியை, மகளை, பிறகு படத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த மேனேஜர் எங்கோ போய்விட்டான்.

"என்ன மேனேஜர், லேடீஸ் எல்லாம் இங்க?" என்றார் செயலாளர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். வலது கையால் படத்தை ஆணியிலிருந்து தூக்கி, மகளின் கையில் இறக்கினாள்.

"இது கிளப் சொத்து" என்றார் செயலாளர். "ரொம்ப வருஷமா இங்க இருக்கு. எடுக்க நீங்க யாரு?"

"அதத்தான் நானும் கேக்குறேன்." அவள் கணவனைப் பார்த்தாள். "நான் யாருன்னு சொல்லுங்க. இந்தப் படத்துல இருக்குறது யாருன்னு சொல்லுங்க. சொன்னா, இருந்த எடத்துலயே மாட்டிட்டுப் போறேன்."

அவன் வாய் திறந்தது. அறையின் வட்ட மேசைகளைப் பார்த்தான். தன் சட்டைக் கையின் மடிப்பைப் பார்த்தான். தெருவில் ஏதோ வண்டி போய் மறையும் வரை அவள் காத்திருந்தாள்.

அவள் தோளிலிருந்த சால்வையை எடுத்தாள். படத்தின் மேல் விரித்து, நான்கு மூலைகளையும் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். சின்னக் குழந்தைக்குக் குளிர் படாமல் சுற்றுகிற மாதிரி, நிதானமாக.

"முதுகு தெரியுது. உங்க சட்டப்படி இது உள்ள இருக்கக் கூடாது" என்றாள்.

பிறகு அவர்கள் இருவரையும் தாண்டி நடந்தாள். சால்வை இல்லாத முதுகில் மேல் பட்டன்கள் இரண்டும் திறந்திருந்தன. ஆற்றின் தொடக்கம் வெளியே தெரிந்தது. செயலாளர் அந்தத் தழும்பைப் பார்த்தார், வெறும் ஆணி நிற்கும் சுவரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

பாதிப் படி இறங்கியபோது மேலே இருந்து அவன் குரல் கேட்டது. அவளைக் கூப்பிடவில்லை. செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். உடைந்து, தாமதமாக வந்த குரல்.

"அது... என் பொண்டாட்டி சார்."

அவள் ஒரு படியில் நின்றாள். மகள் அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் திரும்பவில்லை. அடுத்த படியில் காலை வைத்தாள்.

வாசலில் வெயில் அடித்தது. நேற்று பூக்கொத்தோடு பெண்கள் நின்ற இடத்தில், அவள் முன்பு நின்ற இடத்தில், மகள் பெட்டியையும் படத்தையும் கீழே வைத்தாள். அம்மாவின் பின்னால் வந்து நின்றாள். விரல் தழும்பின் மேல் மெல்ல ஓடியது.

"பட்டன் போட்டு விடவாம்மா?"

தெருவிலிருந்து வந்த காற்று கழுத்துக்குக் கீழே பட்டது. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"வேணாம் பாப்பா" என்றாள். "பெட்டிய எடு. எந்தப் பஸ்னு சொல்லு."

மகள் பெட்டியை எடுத்தாள். சால்வை சுற்றிய படத்தை அம்மா எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.