வளைமுனைக் கண்

காலையில் எழுந்ததும் பிரணவ் முதலில் செய்வது காதுக்குப் பின்னால் கேபிளைச் செருகுவதுதான். பல் துலக்குவதும் காப்பியும் அதற்கப்புறம். கேபிளின் ஒரு முனை கட்டிலோரச் சுவரில் இருக்கும். மறுமுனை தலைக்குள் போகும். ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தால், முந்தைய நாள் பார்த்ததெல்லாம் கடகடவென்று இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் வேட்டி, தெருநாய், சாம்பாரில் மிதந்த கத்திரிக்காய் எல்லாம் போய்க் கண் காலியாகும். காலியான கண்ணோடு எழுந்து, மறுபடியும் அதே வேட்டியையும் நாயையும் பார்த்து நிரப்பத் தொடங்குவார்.

வெண்படலம் என்ற நோய் வந்து உலகமே கண் மங்கிப்போன காலத்தில், காமிரா செய்துகொண்டிருந்த கம்பெனிகள்தான் கண்பொறி செய்து கொடுத்தன. கண்ணைக் கொடுத்தவர்கள் காமிராவின் புத்தியையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். பார்த்ததைச் சேமிக்காமல் பார்க்கத் தெரியாத கண் அது. உள்ளே இருக்கும் காட்சிக்கிடங்கு நிறைந்துவிட்டால் பார்வை அணைந்துவிடும். இறக்கினால்தான் மறுபடி தெரியும். கம்பியில்லாமல் இறக்கக் கூடாதா என்றால், மூளைக்குப் பக்கத்தில் அலை ஆகாது என்று ஒரு சட்டம். ஆகவே கேபிள் வேண்டும். கேபிளுக்கு ஒரு முனை வேண்டும். முனை என்று வந்ததும் மனிதர்கள் இரண்டு சாதியானார்கள்.

பொதுமுனை தட்டையாக, பார்க்க ஒன்றுமில்லாமல் இருக்கும். எந்தக் கடையில் வாங்கிய கேபிளும் எந்தத் தலைக்கும் பொருந்தும். அதுதான் அதன் குறை என்பது பிரணவின் கருத்து. யார் கேபிளையும் யாரும் செருகிக்கொள்ளலாம் என்றால் அதில் என்ன மரியாதை இருக்கிறது? அவருடையது சுடர்விழி நிறுவனத்தின் வளைமுனை. பிறை மாதிரி வளைந்து, உள்ளே ஊசி ஊசியாக இருக்கும். சுடர்விழிக் கேபிளைத் தவிர வேறெதுவும் அதில் நுழையாது. இதைத் தவிர வளைமுனையில் வேறு எந்த வசதியும் கிடையாது. பொதுமுனையைவிட மெதுவாகத்தான் இறக்கும். இருந்தும் சுடர்விழி விளம்பரத்தில், 'உங்கள் பார்வைக்கு ஒரு கௌரவம்' என்று போட்டார்கள். கௌரவம் என்ற சொல்லைப் பார்த்தால் பிரணவ் விழுந்துவிடுவார்.

அவருடைய ஒரே மகள் மகிழ்நிலா மன்னார்குடியில் ஒரு பொதுமுனைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டபோது, கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மூன்று வருடம் அவளோடு பேசாமல் இருந்தார். மனைவி உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பினார். பேத்தி பிறந்த பிறகு மகளே கூப்பிட்டாள். இப்போது பிறக்கிற குழந்தைகளுக்கும் படலம் உண்டு. மூன்றாம் மாதம் கண்பொறி வைத்துக் கண்திறப்பு நடத்துவார்கள். குழந்தை முதலில் பார்ப்பது தாய்வழித் தாத்தாவின் முகமாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்கு முதல்முகம் என்று பேர்.

"நீங்கதானுங்கப்பா முதல்முகம்," என்றாள் மகிழ்நிலா. "வேற யாரையும் நிக்க வைக்க மாட்டேன்."

"பாப்பாவுக்கு என்ன முனை வெச்சிருக்கீங்க அம்மிணி?"

"பொதுமுனைதான்."

பிரணவ் காதுக்குப் பின்னால் தன் வளைமுனையைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி, முகமாவது நல்ல முகமா இருக்கட்டும்," என்றார். இதைப் பெருந்தன்மை என்றே நினைத்துக்கொண்டார்.

கண்திறப்பு மாலையில். காலை ரயிலில் ஏறினார். ரயிலில் ஏறியதும் எல்லாரும் கண்ணில் துணி கட்டிக்கொள்வார்கள். நின்று பார்க்கிற காட்சியைவிட ஓடுகிற காட்சி பலமடங்கு இடம் பிடிக்கும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிரணவுக்கும் தெரியும். ஆனால் துணி கட்டுவது பொதுமுனைக்காரர்களின் சிக்கனம் என்பது அவருடைய எண்ணம். பெட்டி முழுக்கத் துணி கட்டிய முகங்களுக்கு நடுவே இவர் ஒருவர் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தென்னை, பாலம், வயல், எருமை என்று ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். இவர் பார்ப்பதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

சட்டைப்பையில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கேபிள் தொங்கியது. தங்கமுலாம் பூசிய சுடர்விழி ஏழாம் மாடல் கேபிள். போன மாதம்தான் வந்தது. கண் அறுவை இல்லாமல் ஏழாம் மாடல் கண்பொறி கிடைக்காது. கேபிளை மட்டும் யாருக்கும் விற்பார்கள். பெரிய மனிதர்கள் பலரும் இப்படிக் கேபிளை மட்டும் வாங்கிப் பையில் தொங்கவிட்டு, ஏழாம் மாடல்காரர்களாக ஊரில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

மன்னார்குடி வீட்டில் சம்பந்தி யோகேஷ் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் கொத்தாகப் பொதுமுனைக் கேபிள்கள். வந்தவர்கள் ஆளுக்கொன்றை உருவிச் செருகிக்கொண்டு, பேசியபடியே இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இறக்கி முடித்துத் தன் கேபிளைத் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்தாள். பிரணவுக்கு அது எச்சில் தட்டை நீட்டுவது மாதிரி இருந்தது.

"பிரயாணம் பண்ணி வந்திருக்கீங்க. மொதல்ல ஒயர் போட்டுக்குங்க சம்பந்தி," என்றார் யோகேஷ்.

"நமக்கு இதெல்லாம் ஆகாதுங்க," என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார் பிரணவ்.

யோகேஷ் அந்தத் தங்கமுலாமைப் பார்த்து, "அட, நல்லாருக்கே," என்றார். அவர் சொன்னதில் பொறாமை துளியும் இல்லாதது பிரணவுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதே அவருடைய பார்வையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வந்துவிட்டது. கிடங்கு நிறையப்போகிறது என்று அர்த்தம். குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டு, கேபிளை எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்தார். நுழையவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் நுழையவில்லை. கண்ணருகே கொண்டுவந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஏழாம் மாடலில் சுடர்விழிக்காரர்கள் வளைவையே எதிர்ப்பக்கமாக மாற்றிவிட்டார்கள். அவருடைய ஐந்தாம் மாடல் தலைக்கு அது எந்தப் பிறவியிலும் பொருந்தாது. பொருந்துகிற கேபிள் கோயம்புத்தூரில் கட்டிலோரம் தொங்குகிறது. தன் பழைய வாடிக்கையாளனுக்கே பொருந்தாத ஒன்றைச் செய்து, அவனிடமே அதை விற்கவும் தெரிந்த கம்பெனி அது. வாங்குவதற்கு இவர் மாதிரி ஆள் இருக்கும்வரை அவர்களை எதற்குக் குறை சொல்ல வேண்டும்?

வெளியே வந்ததும் மகிழ்நிலா எதிரே நின்றாள்.

"கேபிள் கொண்டாந்துட்டீங்களாப்பா? இங்க யாருகிட்டயும் வளைமுனை கெடையாது. இல்லீன்னா சொல்லுங்க, தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கலாம். கண்திறப்பை நாளைக்குக் காலைல வெச்சுக்கிட்டாப் போச்சு. அவங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பாவம், கேபிள் மறந்துவிட்டார் என்று இந்தத் தட்டைமுனைக் கூட்டம் இரங்கும். யோகேஷ் அதே நல்ல முகத்தோடு வந்து தோளைத் தட்டுவார். மூன்று வருடம் எதைச் சொல்லி இவர்களை மட்டம் தட்டினாரோ, அது வாசலிலேயே பல்லிளித்துவிடும்.

"எல்லாம் இறக்கியாச்சு அம்மிணி," என்றார் பிரணவ். "நேரத்துக்கு ஆரம்பிக்கச் சொல்லு."

கூடத்தில் பாயில் உட்காரும்போது அவருக்கு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் உலகம் தெரிந்தது. அந்த வட்டத்துக்குள் எதிரே மகிழ்நிலாவையும் அவள் மடியில் வெள்ளைத் துணிப் பொதியையும் பார்த்து வைத்துக்கொண்டார். எதிரே, சற்று வலப்பக்கம். அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டார். பிறகு காசும் அணைந்தது. கண்பொறி வெளியே பார்க்க எப்போதும் ஒரே மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

குழந்தையின் காதுக்குப் பின்னால் கேபிளைப் போட்டுச் சுவர்த்திரையோடு இணைத்தார்கள். அது பார்ப்பதை எல்லாரும் பார்க்க வேண்டுமே. யோகேஷ், பக்கத்திலிருந்த ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மொதல் படம் மட்டும் முத்திரை விழுந்துடுங்க. இறக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அது பெரிய மனுஷி ஆனப்புறமும் தினம் கண்ணு முழிக்கறப்ப அதுதான் மொதல்ல வந்துட்டுப் போகும்."

"கொஞ்சம் வெளிச்சம் பத்தலையே," என்றது ஒரு பெண் குரல். பாய் சரசரத்தது. யாரோ எழுந்தார்கள், யாரோ உட்கார்ந்தார்கள். யார் எங்கே நகர்ந்தார்கள் என்று கேட்டுவிடலாம். ஒரே ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை.

"தாத்தா, சிரிங்க," என்றாள் மகிழ்நிலா. அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை அவர் மூன்று வருடமாகக் கேட்டதில்லை. கூடத்துச் சலசலப்பில் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

பிரணவ் முதுகை நிமிர்த்தினார். குறித்து வைத்த இடத்தைப் பார்த்து, வாழ்நாளில் யாருக்கும் தராத ஒரு சிரிப்பைச் சிரித்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் குழந்தைமேல் அவருக்குப் பிரியம் உண்மையாகவே இருந்தது. மெல்லிய ஒரு மணிச்சத்தம் கேட்டது. முத்திரை விழுந்துவிட்டது.

யாரும் கை தட்டவில்லை.

"எப்படி?" என்றார் பிரணவ். "எங்க வம்சத்து நெத்தி அப்படியே இருக்குது பாருங்க பாப்பாவுக்கு."

யோகேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் காட்டிய அந்த நாகரிகம் பிரணவைச் சவுக்கால் அடித்தது மாதிரி இருந்தது.

மகிழ்நிலாவின் விரல்கள் அவர் தாடையைத் தொட்டன. முகத்தை மெதுவாக இடப்பக்கம், வெகுதூரம் திருப்பின.

"பாப்பா இங்க இருக்குதுங்கப்பா," என்றாள். "நீங்க சிரிச்சது மூலைல நிக்கற ஃபேனைப் பாத்து."

அவர் கையைப் பிடித்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்தாள். சூடாக, ஈரமாக இருந்தது. அது கை காலை உதைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாளைக் காலையிலும் அதற்கு அடுத்த காலையிலும், தான் போய்ச் சேர்ந்த பிறகு வரும் அத்தனை காலைகளிலும், அது கண் விழித்ததும் ஒரு கிழவர் வருவார். வாய் கொள்ளாமல் சிரிப்பார். அதன் பக்கம் மட்டும் திரும்பமாட்டார்.

"தஞ்சாவூருக்கு ஆள் அனுப்பு அம்மிணி," என்றார் பிரணவ்.