சாப்பாட்டு மண்டபத்துத் துளை

அந்தத் துளை ஷஸ்னாவின் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டை நுழையும் அளவு.

“இதையும் அடைச்சிட்டா வேல முடிஞ்சிது மகள்,” என்றார் வாப்பா, சீமெந்தைக் கலந்துகொண்டே.

ஷஸ்னாவின் வாப்பா றம்ஸி ஒரு மேசன்; வேலைத்தலத்தில் எல்லாருக்கும் ‘றம்ஸி பாஸ்’. பாடசாலை விடுமுறை என்பதால் அவளும் கூட வந்திருந்தாள். மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் வழியில், மேட்டின் மேல் நிற்கிறது கிளென்வில் ஹோட்டல். அதற்கு வயது நூற்று நாற்பதுக்கும் மேல். பத்து வருடம் பூட்டிக் கிடந்துவிட்டு, நாளைக் காலை மீண்டும் திறக்கப் போகிறது.

முகாமையாளர் பிரணவன் காலையிலேயே அவளுக்கு எல்லாம் சுற்றிக் காட்டியிருந்தார்.

“இந்தப் பியானோ இங்கிலாந்தில இருந்து கப்பல்ல வந்தது பிள்ளை. மாத்தளை வரைக்கும் ரயில். பிறகு எட்டு மாடு பூட்டின வண்டி. இந்தக் கதிரையிலதான் ஒரு இளவரசர் இருந்து சாப்பிட்டவர்.”

பியானோவின் எடைகூட அவருக்குத் தெரியும். கேட்காமலே சொன்னார்.

வாசலில் ஹோட்டலின் வரலாறு எழுதிய புதுப் பலகை பளபளத்தது. கட்டிய துரை, தங்கிய பிரபுக்கள், நடந்த விருந்துகள். பியானோவுக்கே இரண்டு வரி கொடுத்திருந்தார்கள்.

ஷஸ்னா துளைக்குள் விரலை விட்டாள். உள்ளே ஒரு மரச் சட்டம். அதன் விளிம்பில் வழவழவென்று ஒரு பள்ளம்.

“வாப்பா, எலி கடிச்சதா?”

“எலிக்கு இவ்வளவு நேரா கடிக்கத் தெரியாது. இது கயிறு உராஞ்ச தடம். கனகாலம் உராஞ்சிருக்கு.”

சுவருக்குள் எதற்குக் கயிறு? அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். பழைய புகைப்படம் ஒன்று கண்ணில் பட்டது. நீண்ட மேசை, வெள்ளை உடுப்பில் விருந்தாளிகள். அவர்கள் தலைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு பெரிய துணி விசிறி தொங்கியது. விசிறியில் கட்டிய கயிறு, சுவரோரக் கப்பியில் ஏறி இறங்கி, இதே துளைக்குள் போய் மறைந்தது.

ஆனால் அதை இழுக்கும் ஆளைப் படத்தில் காணோம்.

ஷஸ்னா பின்பக்க விறாந்தைக்கு ஓடினாள். சுவரில் துளையின் மறுபக்கம். அதற்குக் கீழே தரைக் கல்லில் இரண்டு சிறிய குழிகள். அவள் தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினாள். இரண்டு குதிகால்களும் குழிகளில் சரியாகப் பொருந்தின.

முகத்துக்கு நேரே வெறும் சுவர்தான்.

“வாப்பா, இங்க இருந்துதான் இழுத்திருக்காங்க. உள்ள இருக்கிறவங்க சாப்பிட்டு முடியிற வரைக்கும்.”

வாப்பா வந்து, குனிந்து அந்தக் குழிகளைத் தடவினார்.

“கல்லு தேயிற அளவுக்கு இருந்திருக்காங்க,” என்றார்.

“அடைக்க வேணாம் வாப்பா.”

“நான் அடைக்காட்டி வேற ஆளக் கூப்பிடுவாங்க மகள். கலந்த சீமெந்தும் இறுகிடும்.”

“பத்து நிமிஷம் மட்டும் தாங்க. முகாமையாளர் சேருக்கு ஒண்ணு காட்டணும்.”

வாப்பா சீமெந்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு ஏணியை எடுத்தார். பழைய கொக்கிகள் கூரையிலும், கப்பி சுவரோரத்திலும் இன்னும் இருந்தன. சுவர் மட்டம் பார்க்கும் தன் நீண்ட பலகையில் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் கட்டிய கயிற்றைக் கப்பியில் போட்டுத் துளைக்குள் விட்டார்.

பிரணவன் வந்தபோது துளை அப்படியே இருந்தது.

“என்ன றம்ஸி பாஸ், இன்னும் பூசேல்லையே? நாளைக்கு எவ்வளவு பெரிய ஆக்கள் வருகினம்!”

“சேர், ஒரு நிமிஷம் இந்தக் கதிரையில உட்காருங்க,” என்றார் வாப்பா.

இளவரசர் இருந்த கதிரை. பிரணவன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். தலைக்கு மேலே பலகை முனகிக்கொண்டு அசைந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது.

“அடடா, நல்ல காத்து! ஆர் இழுக்கிறது?”

வாப்பா தன் வெறும் கைகளைக் காட்டினார்.

“சேர்,” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “நான் தெரியிறேனா?”

“இல்லைப் பிள்ளை. எங்க நிக்கிறீர்?”

“அந்தக் காலத்தில விசிறி இழுத்தவங்களும் இப்படித்தான் சேர் இருந்தாங்க. படத்தில இல்ல, வாசல் பலகையிலயும் இல்ல. இந்தத் துளையையும் அடைச்சிட்டா, அவங்க இருந்ததே ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்.”

பிரணவன் எழுந்து விறாந்தைக்குப் போனார். ஷஸ்னாவின் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. அவள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அவங்க பேரு என்ன சேர்?”

பியானோவின் எடை தெரிந்தவருக்கு அது தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“அடைக்க வேண்டாம் பாஸ்,” என்றார், மெதுவாக.

சீமெந்து இறுகுவதற்குள் வாப்பா அதைத் துளையின் விளிம்பைச் சுற்றி அழகாகப் பூசி முடித்தார்.

மறுநாள் அந்தத் துளைக்கு மேலே ஒரு சிறிய அட்டை இருந்தது. ஷஸ்னாவின் கையெழுத்து.

‘இங்கே கயிறு இழுத்தவர்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது. உள்ளே பாருங்கள்.’

முழங்கால் உயரத் துளைக்குள் நின்றுகொண்டு பார்க்க முடியாதே. கோட்டும் சூட்டும் போட்டு வந்த பெரியவர்கள், ஒருவர் பின் ஒருவராக, அந்தச் சுவரின் முன் மண்டியிட்டார்கள்.