மூன்று தட்டு

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே குழாய் தட்டியது.

டிம்ப்னா முழந்தாளிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி அடுப்பின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். தீக்குச்சியை இன்னும் உரசவில்லை. டக், டக், டக். சமையலறைச் சுவரை ஒட்டி மாடிக்கு ஏறும் செப்புக் குழாயிலிருந்து வந்தது சத்தம். வெந்நீர் ஏறினால் குழாய் விரிந்து தட்டும், ஆறினால் சுருங்கித் தட்டும். ரோஸ்காமன் பக்கத்தில் அந்தச் சத்தம் இல்லாத வீடே கிடையாது, யாரும் அதற்காகத் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். ஆனால் புகைக்கூண்டைச் சுத்தம் செய்வதற்காக அவள் நேற்றுக் காலையிலேயே அடுப்பை அணைத்துவிட்டாள். குழாயைத் தொட்டுப் பார்த்தாள். பனிக்கட்டியாக இருந்தது.

"எலி," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு குச்சியை உரசினாள். எலிக்கு மூன்று வரை எண்ணத் தெரியுமா என்று யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை.

நெருப்பு பிடித்தது. சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். மண்ணும் புகையும் கலந்த அந்த வாசனை எழுந்ததும் வீடு கொஞ்சம் வீடாக ஆனது. அடுப்பின் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதில் காயும் நீரைப் பம்ப் இழுத்து, அறைகளைச் சூடாக்கும் ஏழு ரேடியேட்டர்களுக்கும் அனுப்பும். ஒரு மாதமாக அவள் ஒருத்திக்கு வேண்டிய அளவு சின்ன நெருப்பு போட்டுத்தான் காலம் தள்ளினாள். நாளைக்கு அது போதாது. நாளை, இறந்துபோன அண்ணன் ஃபின்டனின் முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் இங்கேதான் சாப்பிட வருவார்கள்.

மூன்று மணிக்கு மாலகி தொப்பியில் பனியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அரை மைல் தள்ளி இருக்கும் பக்கத்து வீட்டுக்காரன், எழுபது வயது, அந்தச் சுற்றுவட்டாரத்துக் குழாய்களெல்லாம் அவன் கைபட்டவை.

"என்ன டிம்ப்னா, பிஷப்பு கிஷப்பு வர்றாரா? உன் வீட்டுப் புகை எங்க கொல்ல வரைக்கும் வருது."

"பிஷப்பு வந்தா பரவால்லையே. எங்க சித்தி மக ஈட்டா வர்றா. வந்ததும் ரேடியேட்டரத் தொட்டுப் பாத்துட்டுத்தான் என் மூஞ்சியவே பாப்பா."

மாலகி சிரித்தான். தேநீரை உறிஞ்சிக்கொண்டே அடுப்பின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"இவ்வளவு நெருப்பு போட்டிருக்கியே, மேல் ரூம் வால்வத் திறந்துட்டதானே?"

"திறந்துட்டேன்."

"எப்ப?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாளே. நான் என்ன சின்னப் புள்ளையா?"

"கோச்சுக்காத பொண்ணே. நாப்பது வருசமா இந்த வேல பாக்குறேன், அந்த ரேடியேட்டருக்கு வால்வு வச்சதுதான் நான் பண்ண பாவம். கரண்டு போனா பம்ப் நின்னுடும். அப்ப சூடு தானா ஏறிப் போறதுக்கு அது ஒண்ணுதான் வழி. பரண்ல ஆவி போற குழாய் இந்தக் குளிர்ல உறைஞ்சு கெடக்கும். மேல் ரூமும் மூடியிருந்தா அடுப்பு வெடிச்சு சமையக்கட்டு சதுப்புக்கே போயிடும்."

"தெரியும் மாலகி. பிஸ்கட்டத் தின்னு."

அவன் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போனான். டிம்ப்னா சொன்னது முழுப் பொய். சவப்பெட்டியை இறக்கிய நாளிலிருந்து அவள் மாடிப்படியில் கால் வைக்கவேயில்லை.

வால்வு வந்த கதை எளிது. ஃபின்டனை அவனுடைய அறையிலேயே இரண்டு இரவு கிடத்தி வைத்திருந்தார்கள். ஆன்மா போவதற்கு ஜன்னலைத் திறந்துவைத்து, திரும்பி வராதபடி இரண்டு மணி நேரம் கழித்து மூடினார்கள். கீழே ஊரே வந்து போனது. தேநீரும் ரொட்டியும் செபமாலையுமாக அடுப்பு ஓயவே இல்லை. பிணம் இருக்கும் அறையோ குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு ரேடியேட்டரைத்தான் மூட முடியாது. எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அதற்கு வால்வு இல்லாமல் வைத்திருந்தார்கள். முகம் கெட்டுவிடுமே என்று எல்லாரும் கைபிசைந்தபோது மாலகி ஒரு வால்வைப் பொருத்தி, கட்டிலருகே கிடந்த ஃபின்டனின் ஸ்பேனரை எடுத்தே அதை இறுக்கி மூடினான். அடக்கம் முடிந்ததும் திறந்துவிடும்படி டிம்ப்னாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஸ்பேனர்தான். எட்டு வருடங்களுக்கு முன் வைக்கோல் கொட்டகையின் கூரையிலிருந்து விழுந்து ஃபின்டனுக்கு இரண்டு கால்களும் உணர்வற்றுப் போயின. அன்றிலிருந்து அவன் படுத்தபடியே அந்த ஸ்பேனரால் ரேடியேட்டர் குழாயைத் தட்டுவான். மூன்று தட்டு தட்டினால் குளிர்கிறது, கட்டி போடு என்று அர்த்தம். விடியலில் மூன்று, மாலையில் மூன்று, அவள் சாப்பிட உட்கார்ந்தால் மூன்று. எட்டு வருடம். அவள் அவனை வெறுக்கவில்லை. அந்தச் சத்தத்தை வெறுத்தாள்.

நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. கிழக்குக் காற்று பனியை ஜன்னலில் அறைந்தது. மேசை விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டே டிம்ப்னா வானொலியைக் கேட்டாள். பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி, அலமாரியில் அவளுடைய நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பது. உள்ளூர் நிலையத்தில் செய்தி முடிந்து மரண அறிவித்தல் தொடங்கும் நேரம். அவள் எட்டி வானொலியை அணைத்தாள். ஒரு மாதமாகவே மரண அறிவித்தல் வரும்போது அணைத்துவிடுகிறாள்.

விளக்கு ஒருமுறை மங்கியது. பிறகு அணைந்தது.

இஸ்திரிப் பெட்டியின் சிவப்புப் பொட்டு போனது. குளிர்பெட்டியின் முனகல் நின்றது. அடுத்து, அவள் எப்போதுமே கவனித்திராத ஒரு சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. பம்ப்.

அடுப்புக் கண்ணாடியின் செம்மஞ்சள் ஒளி மட்டும் தரையில் கிடந்தது. டிம்ப்னா காற்றுத் துளைகளை எல்லாம் மூடினாள். ஆனால் உள்ளே பன்னிரண்டு கட்டிகள் தணலாகக் கனன்றுகொண்டிருந்தன. அதை வெளியே அள்ள முடியாது. தண்ணீர் ஊற்றினால் இரும்பு பிளந்துவிடும். தொலைபேசியும் மின்சாரத்தோடு செத்துப்போயிருந்தது. மாலகி வீட்டுக்கு ஓடலாம். ஓடி என்ன சொல்வது? திறந்துவிட்டேன் என்று உன் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன் என்றா? ஏன் மாடிக்குப் போகவில்லை என்று கேட்டால்? அதற்குள் வீடு இருக்குமா? அவளுக்கு என்று இந்த உலகத்தில் இருப்பது இந்த வீடு ஒன்றுதான்.

அடுப்பின் முதுகில் தண்ணீர் முனக ஆரம்பித்தது. முதலில் கெட்டில் காய்வதுபோல் மெல்லிய சத்தம், பிறகு கூழாங்கற்கள் உருள்வது போன்ற கடகடப்பு, பிறகு சுவருக்குள்ளேயே எதுவோ இடித்துக்கொண்டு ஏறும் சத்தம். அலமாரியில் கோப்பைகள் அதிர்ந்தன. அந்தக் கடகடப்பின் நடுவே, தனியாக, தெளிவாக வேறொன்று கேட்டது.

டக், டக், டக்.

நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்.

டக், டக், டக்.

கொதிக்கும் தண்ணீர் கணக்குப் பார்த்துத் தட்டாது. அது டிம்ப்னாவுக்குத் தெரியும். இருந்தும் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினாள். வேறு வழியில்லை.

ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். பாதியில் அவளுடைய மூச்சு வெளிச்சத்தில் வெண்மையாகத் தெரிய ஆரம்பித்தது. மேலே, கதவுக்கு அப்பால் தட்டு நின்றுவிட்டது. யாரோ வருவது கேட்டு நிறுத்தியதுபோல. பிடியைத் திருப்பினாள்.

அறை அப்படியே இருந்தது. மருந்துத் தைலத்தின் நெடி, அணைந்த மெழுகுவத்தியின் நெடி. மூடிய ஜன்னல். உறை உரித்த மெத்தை, அதன் நடுவில் எட்டு வருடப் பள்ளம். ஸ்பேனரை மாலகி ஜன்னல் விளிம்பில் வைத்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். அது அங்கே இல்லை. மெத்தையில் இருந்தது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில்.

எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

யோசிக்காதே. குனி. ரேடியேட்டரின் கீழே, இடது மூலை. வால்வின் தலையில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினாள். அசையவில்லை. குழாய் அவள் காதருகே துடித்தது. இன்னும் அழுத்தினாள். தோள்மூட்டு விட்டுப் போகிற மாதிரி வலித்தது. கிறீச்சென்று திரும்பியது. உள்ளே தண்ணீர் பாய்ந்தது. ஒரு நீண்ட பெருமூச்சு இரும்புக்குள் ஓடியது. கீழே கடகடப்பு தணிந்து, தணிந்து, அடங்கியது.

வீடு தப்பியது. டிம்ப்னா அப்படியே தரையில் உட்கார்ந்து ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்தாள். சூடு ஏறியது. தோள் தளர்ந்தது. அவளே எதிர்பாராமல் அழுகை வந்தது. ஒரு மாதமாக டாக்டரிடமும் பாதிரியாரிடமும் சொல்லாதது வாயிலிருந்து தானாக வந்தது.

"கேட்டுச்சு ஃபின்டன். அன்னிக்கு நீ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவை தட்டுன. நான் எந்திரிக்கல. ரேடியோவ சத்தமா வச்சுக்கிட்டேன்."

அன்று காலை மைனஸ் பத்து டிகிரி உறைபனி. அவன் உதடுகள் நீலமாக இருந்தன. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். பாவம், ஒன்றும் தெரியாமல் போய்விட்டான் என்றார்கள் எல்லாரும். அவளும் தலையாட்டினாள்.

"மன்னிச்சிடுண்ணா," என்றாள்.

அழுது முடித்ததும் மனம் கொஞ்சம் லேசானது. கீழே போய் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், நாளைக்கு ஹாம் இறைச்சி வேகவைக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

அப்போது படி முனகியது.

மேலிருந்து கீழாக. முதல் படி, இரண்டாம் படி. இடது காலை அழுத்தி, வலது காலை இழுக்காமல் லேசாக வைத்து இறங்கும் நடை. ஃபின்டன் கொட்டகையிலிருந்து விழுவதற்கு முன்பு இந்த வீட்டில் தினமும் கேட்ட நடை. எட்டு வருடமாகக் கேட்காத நடை.

"மாலகி?" என்றாள். மாலகி இல்லை என்று தெரிந்தே கூப்பிட்டாள்.

எழுந்துகொள்ளப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கையால் தொடையைக் கிள்ளினாள். கிள்ளியது தெரியவில்லை. டார்ச்சைத் திருப்பினாள். கால்கள் இரண்டும் அங்கேதான் இருந்தன, தரையில் போட்ட விறகுபோல. வேறு யாருடைய கால்களோ என்று தோன்றியது.

கீழே சமையலறைக் கதவு திறந்தது. அவளுடைய நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ முழு எடையோடு உட்கார்ந்தார்கள்.

நேரம் போனது. முதுகு சாய்ந்திருந்த இரும்பு வெதுவெதுப்பானது. பிறகு வெறும் இரும்பானது. பன்னிரண்டு கட்டித் தணல் இவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஆறிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி உள்பக்கமாகவே பூக்க ஆரம்பித்தது. டார்ச் மஞ்சளித்து அணைந்தது.

"யாராவது," என்றாள். குரல் கதவுவரைகூடப் போகவில்லை. "குளிருது."

விரல்கள் இருட்டில் துழாவின. ஸ்பேனர் கிடைத்தது. குழாயைத் தேடினாள். தட்டினாள்.

டக், டக், டக்.

கீழே நாற்காலி அசைந்தது. கேட்டிருக்கிறது. யாரோ தலையைத் தூக்கிக் கேட்கிறார்கள். அடுப்புக் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஒரு கட்டி. ஒரே ஒரு கட்டி போட்டால் போதும்.

மறுபடியும் தட்டினாள். மூன்று.

மறுபடியும். மூன்று.

அலமாரியில் வானொலி க்ளிக் என்று உயிர்பெற்றது. மரண அறிவித்தல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல் பெயர்களை ஒவ்வொன்றாக நிதானமாக வாசித்தது. டிம்ப்னா குழாயைத் தட்டினாள், தட்டினாள், தட்டினாள்.

கீழே யாரோ கையை நீட்டி வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.