உப்புத் தண்ணீரில் வந்த துணுக்கு

"இதை யாரு திருப்பி அனுப்பினது?"

ஆய்வகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் மூக்கு வார்டு டாக்டர். தலையெல்லாம் மழை. கையில் சின்ன டப்பா.

பூஞ்சைப் பரிசோதனை டாக்டரான அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். அடடா... கோபத்திலும் இவ்வளவு அழகா இந்தக் கண்கள்! அந்த நினைப்பைச் சட்டென்று ஓரங்கட்டினாள்.

"நான்தான். சதையை ஃபார்மலின்ல போட்டிருக்கீங்க. பூஞ்சை செத்திருக்கும். செத்ததை எப்படி வளர்த்துப் பார்க்கிறது?"

"எப்பவும் அதுலதானே போடுவோம்!"

"எனக்கு உப்புத் தண்ணி போதும் சார்."

பின்னால் டெக்னீஷியன்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அந்த நோயாளி ஒரு தையல்காரங்க. மூக்குல ஆரம்பிச்சது, கண்ணுகிட்ட வந்தாச்சு. மருந்தும் கேட்கல. மறுபடி சதை எடுக்கணும்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

"தப்பு நம்மளுதுன்னு சொல்லுங்க. எந்தப் பூஞ்சைன்னு தெரியாம மருந்து குடுத்தா கண்ணு போயிடும்."

அவன் விருட்டென்று போய்விட்டான்.

மதியமே திரும்பி வந்தான். கொட்டும் மழையில், புது டப்பாவைச் சட்டைக்குள் பொத்தியபடி.

"தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

அந்த இடத்தில் அவள் மனசு முழுசாகவே விழுந்தது. காட்டிக்கொள்ளாமல் துணுக்கை லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

"அகல அகலமான இழை... நீங்க குடுக்கிற மருந்துக்கு இது மசியாது. உடனே மாத்துங்க. கெட்ட சதையையும் எடுத்துடுங்க. வளர்ந்ததும் உறுதியா சொல்றேன்."

நன்றிகூடச் சொல்லாமல் ஓடினான்.

பூஞ்சை வளர்ந்தது, அவள் சொன்னதேதான். முடிவை வார்டுக்கு அனுப்பினாள். அவன்தான் வரவில்லை. சாம்பிள்கள் மட்டும் ஒழுங்காக உப்புத் தண்ணீரில் வந்தன. எல்லார் எதிரிலும் மட்டந்தட்டினால் யார் வருவார்கள்? போன் செய்யலாம்தான்... இவளுடைய வீம்பு விடவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அவன் வந்தான். வெறுங்கையோடு.

"அந்தத் தையல்காரங்க இன்னிக்கு அவங்களாவே ஊசியில நூல் கோத்தாங்க. கண்ணு தப்பிச்சிடுச்சு."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "போன்ல சொல்லியிருக்கலாமே?"

"இன்னொண்ணும் இருக்கு... அவங்க கண்ணு தப்பிக்கட்டும்னு காத்திருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எப்போலேர்ந்து?"

"நீங்க டப்பாவைத் திருப்பி அனுப்பினதுலேர்ந்து."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள்... முடியவில்லை. "ஈரத் தலையோட வந்து கத்தினீங்களே... எனக்கு அப்பவே."

"அப்போ ஏங்க சொல்லல?"

"உறுதியா தெரியாம நான் எதையும் சொல்றதில்ல."

"இப்போ?"

கையுறையைக் கழற்றினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உறுதி," என்றாள்.