கதவுச் சோதனை

யாரும் தொடாமலே கதவு திறந்ததாக மடிக்கணினித் திரை சொன்னது. அடுத்த நொடி, மூடியதாகவும் சொன்னது. மைதிலி தலையைத் தூக்கிப் பார்த்தாள். காம்பாக்டிங் மெஷினின் கம்பிக் கதவு மூடித்தான் இருந்தது.

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், துணியை நீராவி காட்டிச் சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தும் மெஷின் அது. கதவு திறந்தால் உருளைகள் உடனே நிற்க வேண்டும். நிறுத்துவது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலை எழுதியவள் மைதிலி. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அவளிடம் புதியது; அதில் சோதனை சுத்தமாக ஓடியது. பெட்டிக்கோ ஒரு பழைய கம்பைலர்தான் ஒத்துப்போகும். அதற்காக வரிகளை மாற்றி மாற்றி அவளுக்குக் கண் பூத்துப் போயிருந்தது.

முதல் சந்தேகம் சூப்பர்வைசர் சிவராஜ் மேல். கதவைத் திறந்தாலும் மெஷின் ஓடட்டும் என்று சுவிட்சைப் பனியன் துணிக் கிழிசலால் கட்டிவிடுவது இங்கே வழக்கம்.

"ஏனுங்கண்ணா, சுவிட்சுல கை வெச்சீங்களா?"

"இல்லீங்க அம்மிணி. முந்தி இதை ஓட்டின சின்னான் கட்டிவிட்டு, கை உள்ள போயி, உசுரே போனதுக்கப்புறம் அதை ஆருங்க தொடுவாங்க?"

அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். பொய் என்றே அவளுக்குப் பட்டது.

போய்ப் பார்த்தாள். சுவிட்சில் கட்டு இல்லை. கீழே ஒரு வெள்ளைக் கிழிசல் கிடந்தது. எடுத்தாள். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. மெஷினுக்கு அன்று நீராவியே விடவில்லை. அதைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சோதனையை ஓட்டினாள்.

திறந்தது. மூடியது. திறந்தது.

"ஷிப்ட்டு ஆளு வந்தாச்சுங்க அம்மிணி. லோடு போகோணும்."

பழைய கம்பைலர்தான் உளறுகிறது என்று தன்னையே நம்பவைத்தாள். ஒரு வரி சேர்த்தாள்: கம்பைலர் பழையது என்றால் கதவுச் சோதனையைத் தாண்டிப் போ. எல்லோரும் செய்வதுதான். ஆனாலும் நெஞ்சு உறுத்தியது.

திரை 'தாண்டப்பட்டது' என்றது. மற்றதெல்லாம் தேறியது.

"எல்லாம் பாத்தாச்சுங்களாக்கா?" என்றாள் ஆபரேட்டர் அன்புசெல்வி, கண்ணாடி வளையலை முழங்கைப் பக்கம் தள்ளியபடி.

"பாத்தாச்சு."

நீராவி சீறியது. உருளைகள் சுற்றின. கொஞ்ச நேரத்தில் துணி மடிந்து சிக்கியது. நின்றுவிடும் என்ற தைரியத்தில் அன்புசெல்வி கதவைத் திறந்து கையை விட்டாள்.

உருளைகள் நிற்கவில்லை.

மைதிலி சுவிட்சைப் பார்த்தாள். வெள்ளைக் கிழிசல். இறுக்கிக் கட்டியிருந்தது. ஈரம் சொட்டியது.

கூடையைப் பார்த்தாள். காலி.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். மறுபடி குத்தினாள். சுற்றியது.

"அக்கா…" என்றாள் அன்புசெல்வி. "உள்ள ஆரோ கையப் புடிச்சிருக்காங்க."

மறுபக்கம் துணி வெளியே வந்துகொண்டிருந்தது. வெள்ளையாக. சூடாக. அதில் ஒரு பெரிய கையின் தடம் அழுந்தியிருந்தது. அதன் பிடிக்குள் ஒரு சின்னக் கை, வளையலோடு.